படையலில் வைத்த ஆறு தாள்

டொக்கு,

இன்று காலை எனக்குப் பசித்தது. நீ போன இந்த ஐந்து மாதமும் யாராவது தட்டில் போட்டுக் கொடுத்தால் தின்றேன், அவ்வளவுதான். பசித்துத் தின்றது இன்றைக்குத்தான். நேற்றைய இட்டிலி இரண்டு மிச்சம் இருந்தது. அதைச் சுட வைத்து, சீனி தொட்டு, அடுப்படியில் நின்றபடியே தின்றேன். தின்றுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, இதை எழுத உட்கார்ந்தேன். ஜன்னலோரம் இருக்கிற உன் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் பென்சிலால்தான் எழுதுகிறேன். அந்தப் பென்சிலைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், ஆனால் கொஞ்சம் பொறு, அதற்கு வருகிறேன்.

எழுதச் சொன்னது உன் கூட்டாளி மெய் லிங், அதுதான் வயலின் வாசிக்கிற பெண். உன் கடைசிப் பாட்டை அவர்கள் அடுத்து கோலாலம்பூரில் வாசிக்கப் போகிறார்கள் அல்லவா, வருகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்களாம், அதில் போட வேண்டுமாம். நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள், எனக்கு என்ன எழுதத் தெரியும் என்றேன். அவள் மலாயில் சொன்னாள், "ஆண்ட்டி, பெரிய படிப்பு படிச்சவங்க எழுதிக் கொடுத்தது நாலு பக்கம் இருக்கு. எங்களுக்கே புரியலை லா. நீங்க எழுதுங்க." நான் தமிழில் எழுதினால் யாரோ அதை மாற்றிக் கொடுப்பார்களாம். ஆகவே இதை உனக்கு எழுதுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். நீ வெட்கப்படாதே.

உன் நல்ல பெயர் அந்தப் புத்தகத்தின் அட்டையில் இருக்கும். எனக்கு நீ டொக்குதான். தவழுகிற வயதில் உன் கையில் ஒரு கரண்டி கிடைத்தால் போதும், தகரம், கதவு, சட்டி, உன் அப்பாவின் பூட்ஸ் என்று எல்லாவற்றையும் டொக்கு டொக்கு என்று தட்டுவாய். எல்லாப் பிள்ளையும் தட்டும். நீ தட்டிவிட்டுக் காதைக் கொண்டுபோய் அதில் வைப்பாய். சத்தம் எங்கே போகிறது என்று பார்க்கிற மாதிரி இருக்கும். உன் அப்பா அப்போது இருந்தார். "இவன் டாக்டராத்தான் வருவான், காது வெச்சுக் கேக்குறான் பாரு" என்பார். நானும் அப்படித்தான் ஆசைப்பட்டேன். நான் அப்போது தொழிற்சாலையில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்தேன். அந்தத் தூள் நெஞ்சில் இறங்கி எனக்கு இருமல் நிரந்தரமாகிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் உன்னை விட்டுவிட்டுப் போவேன். சாயங்காலம் நான் ரோட்டு வளைவில் வரும்போதே, என் ஆள் தெரிவதற்கு முன்பே, "அம்மா வந்துட்டாங்க" என்று நீ ஆயாவிடம் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவாயாம். இருமலைக் கேட்டுத்தான். ஆயா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தானா ராத்தா டவுன் பள்ளியில் நீ பேண்டில் சேர்ந்தபோது நல்ல நல்ல வாத்தியமெல்லாம் டவுன் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. யாரும் தொடாத பெரிய இழுப்புக் குழலைத் தூக்கி உன் கையில் கொடுத்தார்கள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து லோரியில் ஏறி வருவாய். நம் வரிசை வீடு, அந்த லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். நீ ஊதினால் பக்கத்து வீட்டுக் கோழி முட்டை இடாது என்று சண்டைக்கு வந்தார்கள். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. பிள்ளை ஏதோ ஆசைப்படுகிறான், பள்ளி முடிந்தால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். நீ விடவில்லை. கோலாலம்பூரில் சங்கீதம் படிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். ஊதுவதற்கா என்று கேட்டேன். இல்லை, எழுதுவதற்கு என்றாய். எனக்கு விளங்கவில்லை. பாட்டு எழுதுவது என்றால் சினிமாவுக்கு எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியும். கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் "சினிமாவுக்குத்தான்" என்று சொல்லி வைத்தேன். பத்து வருடமாக ஒரு படத்திலும் உன் பெயர் வராததால் கேட்பதை அவர்களே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பொய்யை நான் சொன்னது உனக்குத் தெரியும். நீ ஒருநாளும் அதை மறுத்து என்னை ஊர் முன்னால் சிறுமைப்படுத்தியதில்லை.

நீ கோலாலம்பூரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் எழுதினாய். ஒருமுறை உன் பாட்டை வாசிக்கிறார்கள் என்று என்னை பஸ் ஏற்றி அழைத்தாய். நல்ல சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஆறு பேர் வந்து வில்லைக் கம்பியில் தேய்த்தார்கள், தட்டினார்கள், ஒருத்தி வயலினின் முதுகைத் தடவினாள். சுதி சேர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று பொறுமையாக இருந்தேன். பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். நான் திரும்பி உன்னிடம், "பாட்டு எப்படா ஆரம்பிக்கும்?" என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "முடிஞ்சிருச்சும்மா" என்றாய். உனக்கு வலித்திருக்குமோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்தேன். கேட்கவில்லை. கேட்க வேண்டிய எதையும் நான் நேரத்தில் கேட்டதில்லை, டொக்கு. அதுதான் என் குணம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். அப்போது நான் தொழிற்சாலையை விட்டு மலைக்கு மாறி, கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தேன். நீ லீவில் வந்தவன், கையில் ஒரு சின்ன மிஷினோடு தேயிலை நிரைக்குள்ளேயே வந்து நின்றாய். என் கத்தரிச் சத்தத்தைப் பிடிக்க வேண்டும் என்றாய். கங்காணி பார்த்துவிட்டார். "என்னாம்மா, படிக்கப் போன மவன் கத்தரி சத்தத்தைப் பிடிக்கிறான்? நாளைக்கு என் கொறட்டையையும் பிடிச்சுக்குவானா?" என்று கத்தினார். மேல் நிரையிலிருந்து ஒருத்தி, "தம்பி, என் கத்தரி இன்னும் நல்லா சத்தம் போடும், என்னையும் சினிமாவுல போடு லா!" என்றாள். மலை முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகம் எரிந்தது. "வீட்டுக்குப் போடா, மானத்த வாங்காத" என்று உன்னை விரட்டினேன். நீ போகவில்லை. நிரையின் முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிஷினை நீட்டிக்கொண்டே இருந்தாய். சாயங்காலம் வீட்டில் என்னிடம் சொன்னாய், "அம்மா, நீங்க ஏழு வெட்டு வெட்டி, கொழுந்தத் தூக்கிப் பின்னால கூடையில போடுறீங்க. ஏழு, ஒரு வீச்சு. ஏழு, ஒரு வீச்சு. காலைலேருந்து மாறவே இல்ல. பக்கத்துல இருக்குறவங்க அஞ்சு, ஆறுன்னு மாத்தி மாத்தி வெட்டுறாங்க. நீங்க மட்டும் ஏழு." அத்தனை வருடம் வெட்டியவளுக்கு அது தெரியாது. அதைக் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னாய். கேட்டேன். நடுவில் என் இருமல் லொக்கு லொக்கு என்று வந்தது. "ஐயோ, இருமல் வந்துருச்சே, இத அழிச்சிடு" என்றேன். "இருக்கட்டும்மா" என்றாய்.

பிறகு உன் இரத்தத்தில் வந்த நோய். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்றதும் நீ இங்கே வந்துவிட்டாய். வரும்போது துணிப்பை ஒன்று, பெரிய பெரிய தாள்கள் ஒரு கட்டு. மெய் லிங்கும் அவள் கூட்டாளிகளும் கேட்டிருந்த பாட்டை எழுதி முடிக்க வேண்டும் என்றாய். இரண்டு வயலின், கொஞ்சம் பெரிய வயலின் ஒன்று, காலுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற பெரியது ஒன்று, நாலு பேருக்கான பாட்டு. காலையில் வெயில் ஜன்னலுக்கு வரும் நேரம் உட்காருவாய். ஒரு புள்ளி வைப்பாய். விரலால் மேசையில் தட்டிப் பார்ப்பாய். அழிப்பாய். திரும்ப அதே இடத்தில் அதே புள்ளியை வைப்பாய். எனக்குப் பைத்தியம் பிடிக்கும். "இதுக்கா அழிச்ச?" என்றால், "அழிச்சாத்தான் அது சரின்னு தெரியும்மா" என்பாய். ஒரு நாளைக்கு ஒரு தாள், சில நாளைக்கு அரைத் தாள். நான் மைலோ கலக்கி வைப்பேன், ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கும்.

கடைசியாகத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாக வெளியே அழைத்துச் சொன்னார், உடம்பில் இருக்கிற கொஞ்சம் பலத்தையும் செலவு செய்ய விடாதீர்கள், நன்றாக ஓய்வு கொடுங்கள் என்று. வீட்டுக்கு வந்ததும் நான் முதல் வேலையாக உன் பென்சில்களையும் அழிப்பானையும் எடுத்து அலமாரியில் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். நீ படுக்கையிலிருந்து பார்த்தாய். சண்டை போடுவாய் என்று நான் நெஞ்சைத் திடமாக்கி நின்றேன். "சரிம்மா" என்றாய். சிரித்தாய். "இனிமே அது வேணாம்" என்றாய். நோய் உன்னை அந்த அளவுக்கு அடக்கிவிட்டது என்று நினைத்து, அடுப்படிக்குப் போய் அழுதேன். ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்தைத் திரிங்காப்பிலிருந்து உன் மாமா வந்து முன் நின்று செய்தான். அப்பா இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன்தானே கொள்ளி வைத்தான், அவன்தான் எல்லாம் செய்தான். உன் போட்டோ முன்னால் உனக்குப் பிடித்ததையெல்லாம் படைத்தோம். வடை, பாயாசம், தானா ராத்தா கடை மீ கோரேங், ஒரு கப் மைலோ. புது வேட்டி ஒன்று. அப்போது எனக்குத் தோன்றியது, என் பிள்ளைக்குச் சோற்றைவிடத் தாள்தானே பிடிக்கும், தாள் வைக்காமல் என்ன படையல் என்று. ஆனால் படையலுக்குப் புதுசுதானே வைக்க வேண்டும், தொட்டதை, எழுதியதை வைக்கக் கூடாதே. உன் தாள் கட்டுக்குள் தேடினேன். எல்லாத் தாளிலும் எறும்பு மொய்த்த மாதிரி எழுதி வைத்திருந்தாய். தனியாக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மட்டும் ஆறு தாள், சுத்தமாக இருந்தது. கோடு போட்டிருந்தது, கோட்டில் அங்கங்கே குட்டி அட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்ட மாதிரி கறுப்பாக ஒரு சின்னக் கட்டை, அவ்வளவுதான். அது தாளோடு அச்சில் வருவது என்று நினைத்தேன். என் கண்ணும் இப்போது அவ்வளவுதானே. அந்த ஆறையும் மடித்துப் புது வேட்டிக்கு மேல் வைத்து, விபூதி போட்டு, சூடம் காட்டினேன். படையல் எடுத்ததும் வழக்கப்படி வேட்டியை உன் மாமாவிடம் கொடுத்தேன். தாளும் அதோடு போனது. என் பிள்ளைக்கு வேண்டியதைக் கொடுத்து அனுப்பினேன் என்று எனக்கு மனது கொஞ்சம் ஆறியது.

ஒரு மாதம் கழித்து மெய் லிங் காரை ஓட்டிக்கொண்டு தனியாக வந்தாள். உன் தாள் கட்டு முழுவதையும் அவளிடம் கொடுத்தேன். நம் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டி, வாய்க்குள் பாடிக்கொண்டே போனாள். முப்பத்தோராம் தாளில் நின்றுவிட்டாள். திருப்பிப் பார்த்தாள், கட்டுக்கு அடியில் பார்த்தாள். முப்பத்தேழு தாள் வரும் என்று நீ போனில் சொல்லியிருந்தாயாம். "முடிக்கலை போல, ஆண்ட்டி. தாக் அப்பா, பரவாயில்லை. இருக்கிற வரைக்கும் வாசிப்போம். முடியாத பாட்டுன்னு போட்டுடலாம்" என்றாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டது யார்? நான்தானே. இன்னும் ஆறு தாள். ஒரு நாளைக்கு ஒன்று என்றாலும் ஆறு நாள். உனக்கு ஒன்பது நாள் இருந்தது. டொக்கு, அந்தக் கணக்கை நான் எத்தனை தடவை போட்டிருப்பேன் தெரியுமா? நிரையில் நின்று போட்டேன், கோயிலில் நின்று போட்டேன், ஒவ்வொரு தடவையும் மூன்று நாள் மிச்சம் வந்தது. என் பிள்ளையை எடுத்துக்கொண்டது நோய். என் பிள்ளையின் பாட்டை நிறுத்தியது நான். யாரிடமும் சொல்லவில்லை. மெய் லிங்கிடம் சொல்லவே இல்லை. அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது நான் மரம் மாதிரி நின்றேன்.

முதல் தடவை தோட்டத்தில்தான் வாசிக்க வேண்டும் என்று நீ அவர்களிடம் சொல்லியிருந்தாயாம். அதனால் போன வெள்ளிக்கிழமை நாலு பேரும் வந்து இறங்கினார்கள். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் நாற்காலி போட்டுப் பழகினார்கள். நான் வேலைக்குப் போகாமல் அவர்களுக்குத் தேநீர் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கேட்டதும் தெரிந்துவிட்டது, டொக்கு. எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வில்லைக் கம்பியில் சின்னச் சின்னதாக வெட்டினார்கள், ஏழு. பிறகு ஒரு நீண்ட இழுப்பு. ஏழு, ஒரு வீச்சு. என் கை மடியில் தானாக ஆடியது.

நடுவில் அந்தப் பெரிய வாத்தியக்காரர், தாடி வைத்த ஆள், வில்லை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் வாசிக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. இடைவேளையில் தேநீர் கொடுக்கும்போது மெய் லிங்கிடம் மெதுவாகக் கேட்டேன், "அவருக்கு உடம்பு சரியில்லையா? பாதியில விட்டுட்டாரே?" அவள் சிரித்து அவரிடம் சொல்ல, அவர் எழுந்து தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார். "சும்மா இல்ல, ஆண்ட்டி. எண்ணிக்கிட்டு இருக்கேன். இங்க பாருங்க, உங்க மகன் எழுதியிருக்கார், இங்க பேசாம இருன்னு." அவர் விரல் வைத்த இடத்தில் கோட்டில் குட்டி அட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்ட மாதிரி கறுப்பாக ஒரு சின்னக் கட்டை.

தேநீர்த் தட்டைக் கீழே வைத்தேன். "இது அச்சில வர்றது இல்லையா?" என்று கேட்டேன். இல்லை என்றார். எல்லாம் கையால் எழுதியது. சத்தம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், ஒன்று ஒன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். படையல், வேட்டி, ஆறு தாள், பென்சில், சாவி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த மலாயில் பாதி, தமிழில் பாதி. மெய் லிங் கார்ச் சாவியை எடுத்தாள். "எங்க ஆண்ட்டி அந்த வேட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

திரிங்காப்புக்கு அவள் காரில் போனோம். காய்கறி லோரிகள் வரிசையாக முன்னால் ஊர்ந்தன. பாதை முழுக்க எனக்கு ஒரே நினைப்பு, உன் மாமன் அந்தத் தாளில் பூக்கட்டைச் சுற்றி அனுப்பியிருப்பான், அடுப்புப் பற்ற வைத்திருப்பான், அவன் பெண்டாட்டி அலமாரித் தட்டில் விரித்திருப்பாள் என்று. அவன் பூத்தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் சாமந்தி வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துப் பயந்துவிட்டான். "டேய், அன்னிக்குக் குடுத்தேனே வேட்டி, அது எங்க?" என்றேன். "என்னாக்கா, குடுத்தத திருப்பிக் கேக்குற?" என்றான். "வேட்டி எனக்கு எதுக்குடா, அதுல இருந்த தாளு!" என்று கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உயிர் போய்விட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான், "அத நான் பிரிக்கவே இல்லக்கா. எப்படிக்கா கட்டுவேன் அவன் வேட்டிய? பொட்டிக்குள்ள வெச்சவன்தான், அந்தப் பக்கமே போகல. வழக்கப்படி கட்டியிருக்கணும். நீ திட்டுவேன்னுதான் சொல்லல." நான் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வழக்கத்தை மீறினானே என் தம்பி, அவன் நன்றாக இருக்கட்டும்.

தகரப் பெட்டிக்குள் வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது. ஆறு தாளும் இருந்தது. விபூதியும், மேல் தாளில் பாயாசம் சிந்தின கறையும் இருந்தது. மெய் லிங் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று மூலையில் சின்னதாக எண் போட்டிருக்கிறாய், நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் நாலு பேருக்கும் அந்தக் கட்டை மட்டும்தான். கடைசித் தாளின் கடைசியில் ஒரு மெல்லிய கோடு, அதை ஒட்டி ஒரு தடித்த கோடு. அதைத் தொட்டுக் காட்டி, "ஹாபிஸ், ஆண்ட்டி. சுடா ஹாபிஸ். அவன் முடிச்சிட்டான்" என்றாள். அந்தக் கோட்டுக்குக் கீழே பொடியாக என்னவோ எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன். எழுதி முடித்தால் இடத்தையும் தேதியையும் போடுவது பாட்டு எழுதுகிறவர்கள் வழக்கமாம். தோட்டத்தின் பெயரும் தேதியும் போட்டிருக்கிறாய்.

என் பைக்குள் உன் ஆஸ்பத்திரி அட்டை இன்னும் இருக்கிறது, தூக்கிப் போட மனம் வரவில்லை. எடுத்து அவளிடம் கொடுத்தேன். இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நீ போட்ட தேதி, டாக்டரைப் பார்த்ததற்கு முந்தின நாள். நான் பென்சிலைப் பூட்டுவதற்கு முந்தின நாள்.

"இனிமே அது வேணாம்" என்றாயே. நீ அடங்கிப் போனாய் என்று நினைத்தேன். வேலை முடிந்தவன் சொன்னது அது. நான் ஒரு நிரையை முடித்துவிட்டுக் கத்தரியைக் கீழே போடும்போது என் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் உன் முகம் அன்றைக்கு இருந்தது. நான்தான் படிக்கவில்லை. சாமந்திப் பூவுக்கு நடுவில் நின்று நான் சிரித்தேன் டொக்கு, அழுதுகொண்டே சிரித்தேன். உன் மாமன் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தண்ணீர் கொண்டுவர ஓடினான்.

போனில் உனக்குப் புத்தி சொல்லாமல் நான் வைத்ததே இல்லை. தலைக்கு எண்ணெய் வை, ஐஸ் குடிக்காதே, மழையில் மோட்டார் ஓட்டாதே. இனி உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இதைப் படிக்கிற தாய்மார்களுக்குத்தான் ஒன்று இருக்கிறது. பிள்ளை கையில் இருப்பதை வாங்குவதற்கு முன்னால், "முடிஞ்சுதாப்பா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டிருந்தால் நீ ஆமாம் என்றிருப்பாய். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு மைலோ குடித்திருப்போம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பகல் பூசை முடிந்ததும் வாசித்தார்கள். மண்டபம் நிறைந்துவிட்டது. கங்காணி வேலையை விட்டு நின்று இரண்டு வருடம் ஆகிறது, அவரும் வேட்டி சட்டையோடு வந்து முன்னால் உட்கார்ந்தார். இப்போது மலையில் பாதிப் பேர் வங்காளதேசத்து ஆட்கள், அவர்களும் பின்னால் நின்றார்கள். அந்த ஏழு வெட்டு வந்ததும் பெண்கள் வரிசையில் குசுகுசுவென்று பேச்சு. "ஏய், இது நம்ம கத்தரி டி" என்று ஒருத்தி சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கங்காணி திரும்பி என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார், அதுவே பெரிது.

பிறகு உன் ஆறு தாள். மெய் லிங் அதைப் பிரதி எடுக்கவில்லை, பாயாசக் கறையோடு அப்படியே முன்னால் வைத்திருந்தாள். நாலு பேரும் வில்லைக் கம்பி மேல் வைத்தபடி அசையாமல் இருந்தார்கள். அவள் உதடு மட்டும் அசைந்தது. ஏழு ஏழாக எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. முதலில் சனங்கள் நெளிந்தார்கள். உன் மாமன் சத்தமாக, "முடிஞ்சிருச்சா அக்கா?" என்றான். நான் அவன் தொடையில் கிள்ளினேன். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கூரைத் தகரம் வெயிலில் டொக்கென்றது. தூரத்தில் ரோட்டில் ஒரு லோரி கியர் மாற்றி மேட்டில் ஏறியது. கோயில் மணியில் யார் கையோ பட்டது. நானும் மடியில் கையை வைத்து எண்ணினேன், ஏழு, ஒரு வீச்சு. ஐந்து தாள் வரைக்கும் நெஞ்சில் குறுகுறுத்த இருமலை அடக்கிப் பிடித்திருந்தேன். முந்தானையை வாயில் திணித்திருந்தேன். ஆறாவது தாளை அவள் திருப்பியதும் என்னால் முடியவில்லை. லொக்கு லொக்கு என்று வந்துவிட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது. எனக்கு மானம் போயிற்று. மெய் லிங் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், எண்ணுவதை நிறுத்தாமலே சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் எண்ணி, வில்லைக் கீழே இறக்கினாள். முடிந்தது.

அதிலிருந்து நான் நிம்மதியாக இருக்கிறேன். நன்றாகத் தூங்கினேன், காலையில் பசித்தது. ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை மெய் லிங்கிடம் கேட்டால் அவள் தெரியாது என்கிறாள், உனக்குத்தான் தெரியும் என்கிறாள். ரோட்டு வளைவில் வரும் இருமலை ஆயாக் கொட்டகையிலிருந்து கேட்டுச் செருப்பைத் தேடியவன் நீ. அழிச்சிடு என்றபோது இருக்கட்டும் என்றவன் நீ. டொக்கு, அந்தக் கடைசித் தாளை என் இருமலுக்கென்றுதான் விட்டு வைத்திருந்தாயா?